டிரெய்லரில் சங்கிலிக்கு ஒரு பெட்டி, பெல்ட்டுக்கு ஒரு பெட்டி

சங்ககிரியில் இருந்து ஓடும் எங்கள் 40 அடி டிரெய்லருக்கு, சரக்குக் கட்டும் சங்கிலிகளுக்கு ஒன்றும் பல்சக்கரப் பிடியால் இறுக்கும் ராட்செட் பெல்ட்டுகளுக்கு ஒன்றுமாக இரண்டு பெட்டிகள் செய்து மாட்டியிருக்கிறோம். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அவற்றின் மேல் போய்விட்டன. பக்கச் சுவர் இல்லாத தட்டையான வண்டி வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்பதால், அளவுகளையும் ஒவ்வொன்றையும் அப்படிச் செய்ததற்கான காரணங்களையும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வண்டியில் ஏறுபவை பெரும்பாலும் எஃகுத் தகடுகள், கோவையில் இருந்து கிளம்பும் இயந்திரங்கள், திருச்சி துவாக்குடிப் பக்கத்துப் பட்டறைகளில் தயாராகும் பாய்லர் பாகங்கள். தளத்தின் மேல் இவற்றை நிறுத்தி வைப்பது கட்டு மட்டுமே. தருமபுரியில் இருந்து சேலத்துக்கு வரும் வழியில் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, ஓட்டுநர் பிரேக்கில் கால் வைக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த எடை முன்னால் வரப் பார்க்கும். ஐரோப்பியத் தர விதிகளின்படி, சாலையில் போகும் சரக்கின் கட்டு அதன் எடையில் 80 விழுக்காட்டுக்குச் சமமான விசையை முன்பக்கமாகவும், 50 விழுக்காட்டைப் பக்கவாட்டிலும் பின்புறமாகவும் தாங்க வேண்டும். 20 டன் இயந்திரம் என்றால் முன்னோக்கி 16 டன். அந்த விசையை வாங்கிக்கொள்ளப் போகும் பெல்ட் நேற்று இரவு எங்கே, எதன் அடியில் கிடந்தது என்று நான் கேட்காமல் இருக்க முடியாது. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால்தான் அந்த இயந்திரம் நிற்கிறது.

பாடி கட்டும் பட்டறையில் இருந்து வரும் டிரெய்லர்களில் பொதுவாக ஒரே ஒரு டூல் பாக்ஸ்தான் இருக்கும். ஜாக்கி, வீல் ஸ்பேனர், கிரீஸ் டப்பா, மரக்கட்டை, சங்கிலி, பெல்ட் எல்லாம் அதற்குள்ளேதான். பெல்ட்டைக் கெடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. பெல்ட் என்பது ஆயிரக்கணக்கான மெல்லிய பாலியஸ்டர் இழைகளின் நெசவு. அதன் மேல் 10 மி.மீ. சங்கிலி கிடந்தால், சாலையின் ஒவ்வொரு குலுக்கலிலும் கண்ணிகள் இழைகளை அறுக்கும். சங்கிலியில் ஒட்டி வரும் மணல் நெசவுக்குள் புகுந்து, பெல்ட்டை இறுக்கும்போது உள்ளிருந்தே அரைக்கும். இந்தச் சேதத்தில் பாதி கண்ணுக்குத் தெரியாது. மேலே பார்த்தால் அழுக்கான பெல்ட்; அவ்வளவுதான் தெரியும்.

சங்கிலியும் பெல்ட்டும் கெடும் விதம் வேறு வேறு என்பதால், அவற்றுக்கு வேண்டிய இடமும் வேறு வேறு. சங்கிலிக்குத் தண்ணீர் வடிய வேண்டும், மண் உதிர வேண்டும், எடையைத் தாங்கும் அடித்தளம் வேண்டும். பெல்ட்டுக்கு வெயில் படக் கூடாது, கூர்முனை இருக்கக் கூடாது, காற்று ஓட வேண்டும். வெயில் பாலியஸ்டரின் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். ஆகையால் தளத்தின் மேலேயே பெல்ட்டைச் சுருட்டிப் போட்டு ஓடுவதும் தீர்வாகாது. காரமும் பாலியஸ்டருக்கு ஆகாது. சிமெண்ட், சுண்ணாம்பு படிந்த தளத்தில் கட்டிய பெல்ட்டைக் கழுவாமல் உள்ளே வைப்பது கேடு. அமிலம் என்றால் நைலானுக்கும் உயர்பலச் சங்கிலிக்கும் ஆபத்து. ஆகவே பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டையுமே வைக்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தோம்.

இடம் பார்த்தது

முதலில் டிரெய்லரின் முன் தடுப்புச் சுவரில் சங்கிலிகளைத் தொங்கவிடலாமா என்று பார்த்தோம். இழுவை வண்டியும் டிரெய்லரும் தனித்தனியாகத் திரும்பும் அமைப்பில் அது எளிதல்ல. வளைவில் கேபினின் பின்மூலை தடுப்புச் சுவருக்கு மிக அருகே வரும். முன்னால் நீட்டிய எதுவும் கேபினில் இடிக்கும். சுவரின் உட்பக்கம் மாட்டினால் சரக்கு வைக்கும் நீளத்தில் ஓரடி போய்விடும். தவிரவும், 10 கிலோவுக்கு மேல் எடையுள்ள சங்கிலியைத் தலை உயரத்தில் இருந்து எடுப்பதும் வைப்பதும் தோள்பட்டைக்கு நல்லதல்ல.

அதனால் தளத்துக்கு அடியில், டிரெய்லரின் நிறுத்துக் கால்களுக்கும் முதல் ஆக்சிலுக்கும் இடையே, இடப்பக்கம் தேர்ந்தெடுத்தோம். நம் சாலையில் இடப்பக்கம்தான் ஓரப்பக்கம். நெடுஞ்சாலையில் வண்டியை ஓரம் கட்டிக் கட்டை இறுக்க வேண்டி வந்தால், ஓட்டுநர் போகிற வண்டிகளுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டியதில்லை. வலப்பக்கம் ஸ்டெப்னி தொங்குவதால் எடையும் ஓரளவு ஈடாகிவிடுகிறது.

உயரம் கணக்கிட்டது இப்படி. தளம் தரையில் இருந்து ஒன்றரை மீட்டர். குறுக்குச் சட்டங்களின் அடிப்பக்கத்தில் இருந்து 50 செ.மீ. உயரப் பெட்டி தொங்கினால், பெட்டியின் அடி தரையில் இருந்து ஏறக்குறைய 85 செ.மீ. உயரத்தில் நிற்கும். குனியாமல் எடுக்கலாம், சக்கரம் வாரி அடிக்கும் சேறும் அந்த உயரத்தில் குறைவு. சரக்கு வாகனத்தின் அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. தாழ்ப்பாள், பூட்டு உட்பட எதுவும் தளத்தின் விளிம்பைத் தாண்டாதபடி பெட்டிகளை 5 செ.மீ. உள்ளே தள்ளினோம்.

டிரெய்லரின் பக்கவாட்டில், பின்சக்கரங்களுக்கு முன்னால் ஓடும் பக்கக் காப்புச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். டூல் பாக்ஸ் மாட்டுவதற்காக அந்தச் சட்டத்தையே அறுத்து எறிந்த வண்டிகளைப் பார்க்கிறேன். சறுக்கி விழும் இருசக்கர வண்டிக்காரர் பின்சக்கரத்துக்கு அடியில் போகாமல் தடுப்பது அதுதான். எங்கள் பெட்டிகளின் முகப்பு காப்புச் சட்டத்தின் நேர்கோட்டிலேயே நிற்கிறது. கீழ்ச் சட்டம் பெட்டிக்கு அடியில் இடைவெளி இல்லாமல் தொடர்ந்து ஓடுகிறது. மேல் சட்டத்தின் முனைகளைப் பெட்டியின் ஆங்கிள் சட்டத்தோடு போல்ட் போட்டு இணைத்தோம். இதற்கு வெல்டர் கூடுதலாக அரை நாள் கேட்டார், மனமாரக் கொடுத்தேன்.

சங்கிலிப் பெட்டி

சங்கிலிகள் பத்து, ஒவ்வொன்றும் 4 மீட்டர், 10 மி.மீ., 8ஆம் தரம் என்கிற உயர்பல எஃகு. இந்த அளவுச் சங்கிலி மீட்டருக்கு 2.2 கிலோ வரும். ஐரோப்பியத் தரத்தின்படி நேர் இழுப்பில் 6.3 டன் வரை கட்டலாம். சங்கிலியைத் திருகி இறுக்கும் இறுக்கிகளையும் சேர்த்து 150 கிலோ என்று வைத்துக்கொண்டோம். அவசரப் பிரேக்கில் பெட்டியின் முன்சுவரை இதுவே 120 கிலோ விசையோடு தள்ளும். பெயருக்கு ஒரு மெல்லிய தகடு வைத்தால் நிற்காது.

பெட்டியின் நீளம் 110 செ.மீ., ஆழம் 45, உயரம் 50. 40 மி.மீ. ஆங்கிளில் சட்டம், 3 மி.மீ. தகட்டில் சுவர்கள். அடியில் தகடு போடவில்லை. 6 மி.மீ. கனமுள்ள பட்டைகளை 20 மி.மீ. இடைவெளியில் வரிசையாக வெல்டு செய்தோம். மண்ணும் நீரும் தானாகக் கீழே போய்விடும். உள்ளே 25 செ.மீ. உயரத் தடுப்புகளால் ஐந்து பத்திகள், முன்பின்னாக இரண்டு வரிசை, ஆக மொத்தம் பத்து அறைகள். ஓரத்தில் மிஞ்சிய 20 செ.மீ. அகலத்தில் இறுக்கிகள் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. அறைகளுக்கு மேலே, வரிசைக்கு ஒன்றாக 20 மி.மீ. கம்பி குறுக்கே ஓடுகிறது.

ஒரு சங்கிலிக்கு ஓர் அறை. கொக்கியில்லாத பகுதியில் இருந்து தொடங்க முடியாது, ஏனென்றால் எங்கள் சங்கிலிகளில் இரு முனையிலும் கொக்கி உண்டு. எனவே ஒரு கொக்கியை முதலில் அறைக்குள் இறக்கி, சங்கிலியைக் கைவழியே மெல்ல விட்டு, கடைசிக் கொக்கியை மேல் கம்பியில் மாட்ட வேண்டும். எடுக்கும்போது அந்தக் கொக்கியைப் பிடித்து இழுத்தால் முடிச்சு விழாமல் முழுச் சங்கிலியும் வந்துவிடும். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. உள்ளே விடும்போது ஒவ்வொரு கண்ணியும் கையுறை போட்ட உள்ளங்கை வழியாகப் போகிறது. நீண்டுபோன கண்ணி, முறுக்கிய கண்ணி, வெட்டுக் காயம் பட்ட கண்ணி எதுவானாலும் கை சொல்லிவிடும். கண்ணியின் கனம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருந்தாலும், நீளம் 3 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தாலும் அந்தச் சங்கிலி இனி சரக்குக் கட்ட ஆகாது. 10 மி.மீ. கண்ணி 9 மி.மீ. ஆகிவிட்டதா என்று பார்க்க, வெட்டு வாய் உள்ள சிறு தகடு ஒன்றைப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். கண்ணி அந்த வாய்க்குள் நுழைந்தால் சங்கிலி ஒதுக்கப்பட வேண்டியது.

சுவர்களின் உட்பக்கம் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரைப் போர்த்தினோம். கிரஷர்களில் கழித்துப்போட்ட ரப்பர் எடைக்குக் கிடைக்கும். உள்ளே துணி அடுக்குகள் இருப்பதால் எளிதில் கிழியாது. பசை போட்டு ஒட்டவில்லை. அகல வாஷர் வைத்துப் போல்ட்டில் பிடித்து, கீழே விரலளவு இடைவெளி விட்டோம். ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே தங்கும் தண்ணீர் அங்கே வடிந்துவிடும். காலி வண்டி ஓடும்போது வந்த உலோகச் சத்தம் பெருமளவு அடங்கிவிட்டது.

கதவின் கீல் கீழே இருக்கிறது. திறந்தால் மேசைப் பலகை போலப் படுத்து நிற்கும். இரு பக்கமும் சிறு சங்கிலி அதைத் தாங்கும். எடுத்த சங்கிலியை அதன் மேல் வைத்துப் பார்க்கலாம். அறைகளின் முன்தடுப்பு கதவைச் சாராமல் தனியாக நிற்பதால், திறந்தவுடன் சங்கிலி சரிந்து காலில் விழாது. கதவுக்கு இரண்டு இழுப்புத் தாழ்ப்பாள்களும், தகட்டு மூடிக்கு அடியில் ஒரு பூட்டும் உண்டு. லாரிப்பேட்டைகளில் சங்கிலி திருட்டு புதிதல்ல.

சங்கிலிக்குக் கழிவு எண்ணெய் பூசும் பழக்கம் நம் ஊர்ப்பக்கம் பரவலாக இருக்கிறது. எங்கள் ஓட்டுநரும் கேட்டார்: "அண்ணா, துருப் பிடிக்காமல் இருக்க ஆயில் தடவி வைக்கட்டுமா?" வேண்டாம் தம்பி என்றேன். எண்ணெயில் மணல் ஒட்டும். கண்ணியும் கண்ணியும் உரசும் இடத்தில் அது அரைக்கும் பசையாகிவிடும். கையும் சரக்கும் அழுக்காகும். மேலோட்டமான துரு பரவாயில்லை. கம்பித் தூரிகையால் தேய்த்தால் போதும். இறுக்கியின் திருகு மரைக்கும் ராட்செட்டின் பல்லுக்கும்தான் கிரீஸோ மெல்லிய எண்ணெயோ வேண்டும். சங்கிலியிலோ கொக்கியிலோ வெல்டிங் கம்பி படவே கூடாது. சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு அது. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும்.

பெல்ட் பெட்டி

பெல்ட்டுகள் பன்னிரண்டு, 50 மி.மீ. அகலம், 9 மீட்டர் நீளம். 3 மி.மீ. கனமுள்ள பெல்ட்டை இறுக்கமாகச் சுருட்டினால் விட்டம் ஏறக்குறைய 18.5 செ.மீ. வரும் என்று கணக்கு சொன்னது. ஓட்டுநர் கையால் சுருட்டும்போது 20 ஆகிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு சுருளுக்கும் 7 செ.மீ. அகலமும் 23 செ.மீ. உயரமும் உள்ள ஒரு செங்குத்து அறை ஒதுக்கினோம். பன்னிரண்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன. தடுப்புகளுக்கு இரும்பைத் தவிர்த்து, வெள்ளை நிறக் கடின பிளாஸ்டிக் பலகையை அறுத்து, விளிம்புகளை உப்புத்தாளால் மழுக்கிச் செருகினோம். இரும்பு விளிம்பு தெரியும் இடங்களில் நீளவாக்கில் கீறிய ரப்பர் குழாயை மாட்டினோம்.

மேல்தட்டில் ராட்செட்டுகளும், சரக்கின் கூர்விளிம்பில் வைக்கும் மூலைக் காப்புகளும் இருக்கின்றன. மூலைக் காப்புக்குப் பெல்ட்டின் பக்கத்திலேயே இடம் கொடுக்க வேண்டும் என்று நான் விடாப்பிடியாக இருந்தேன். தேடிப் போய் எடுக்க வேண்டிய இடத்தில் இருந்தால், மழையில் நனைந்தபடி கட்டுகிற ஒருவர் அதை எடுக்காமலே விட்டுவிடக்கூடும். தகட்டின் ஓரத்தில் காப்பு இல்லாமல் இறுக்கிய பெல்ட் எத்தனை டன் தாங்கும் என்று பேசுவதில் பொருளே இல்லை.

பெட்டியின் மேல்பக்கம் தண்ணீர் சொட்டி விலகும்படி தகடு 25 மி.மீ. முன்னால் நீள்கிறது. கதவைச் சுற்றி ரப்பர் பீடிங். பின்சுவரில் கீழ்நோக்கிய காற்றுப் பிளவுகள். அடியில் நான்கு மூலைகளிலும் 12 மி.மீ. வடிகால் துளைகளும், அவற்றின் மேல் துளையிட்ட பிளாஸ்டிக் விரிப்பும். நீர் புகாமல் முழுக்க அடைத்துவிட்டால் நல்லது என்று தோன்றும். ஆனால் அப்படி அடைத்தால், ஈரமாக உள்ளே போன ஒரே ஒரு பெல்ட் போதும், எல்லா ராட்செட்டையும் துருப்பிடிக்க வைக்க.

சுருட்டும் முறையும் பெட்டியைப் போலவே வேலையின் ஒரு பகுதி. கொக்கியற்ற முனையில் தொடங்கிச் சுருட்ட வேண்டும். கொக்கியும் லேபிளும் வெளிச்சுற்றில் வரும். பாலியஸ்டர் பெல்ட்டின் லேபிள் நீல நிறம். நைலான் என்றால் பச்சை, பாலிபுரோப்பிலீன் என்றால் பழுப்பு. எவ்வளவு விசை வரை கட்டலாம் என்பது அதில் அச்சாகியிருக்கும், 50 மி.மீ. பெல்ட்டில் நேர் இழுப்புக்குப் பெரும்பாலும் 2,500 டெகாநியூட்டன், அதாவது ஏறக்குறைய இரண்டரை டன். கதவைத் திறந்ததும் பன்னிரண்டு நீல லேபிள்களும் வரிசையாகத் தெரிய வேண்டும். லேபிள் கிழிந்து படிக்க முடியாமல் போன பெல்ட்டை நாங்கள் பயன்படுத்துவதில்லை. அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஓரம் வெட்டுப்பட்டிருந்தாலும், தையல் பிரிந்திருந்தாலும், சூட்டில் இழை உருகி இறுகியிருந்தாலும் அப்படியே. ஒதுக்கிய பெல்ட்டை அன்றே இரண்டாக வெட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். முழுதாக வைத்திருந்தால், ஒரு பெல்ட் குறைகிற நாளில் யாராவது அதை மறுபடியும் சரக்கில் போட்டுவிடுவார்கள்.

மழையில் நனைந்த பெல்ட்டுகள் இந்தப் பெட்டிக்குள் போவதில்லை. சங்கிலிப் பெட்டிக்கும் பெல்ட் பெட்டிக்கும் நடுவே, பால் பாக்கெட் கொண்டுவரும் வகையைச் சேர்ந்த துளையுள்ள பிளாஸ்டிக் கூடை ஒன்றைச் சட்டத்தில் உட்காரவைத்து மூடி போட்டிருக்கிறோம். ஈரமானவை அதில் ஊர் திரும்பும். ஷெட்டில் நிழலில், வழவழப்பான பிளாஸ்டிக் குழாயின் மேல் விரித்துக் காயவிடுவோம். சேறு பட்டிருந்தால் முதலில் வெறும் தண்ணீர், தேவைப்பட்டால் கொஞ்சம் மென்மையான சோப்பு. வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை அதன் மேல் காட்டுவதில்லை. அந்த வேகம் மணலை நெசவுக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளும்.

மாட்டியதும் பழகியதும்

இரண்டு பெட்டிகளையும் பட்டறையில் தனியாக முடித்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அதன் மேல் எனாமல் பூசிய பிறகே வண்டிக்குக் கொண்டுவந்தோம். வண்டியின் மேல் வெல்டிங் வேலையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது நல்லது. தவிர்க்க முடியாத இடத்தில், பேட்டரி இணைப்பையும், பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கருவியின் இணைப்பையும் கழற்றிவிட்டு, வெல்டிங் எர்த்தை வேலை நடக்கும் இடத்துக்கு மிக அருகே பிடிக்க வேண்டும். பெட்டிகள் குறுக்குச் சட்டங்களில் இருந்து 12 மி.மீ. உயர்பல போல்ட்டுகளில் தொங்குகின்றன. டிரெய்லரின் முதுகெலும்பான ஐ-பீமின் கீழ் விளிம்பில் துளை போடவோ குறுக்கே வெல்டு வைக்கவோ கூடாது. பாரம் ஏறும்போது அதிக இழுவிசை வாங்கும் இடம் அதுதான்; விரிசல் தொடங்கினால் அங்கிருந்துதான் தொடங்கும். சங்கிலிப் பெட்டி நிரம்பினால் கால் டன் தொங்குகிறது என்பதால், முதல் சில பயணங்களுக்குப் பிறகு எல்லா போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கி, நட்டுக்கும் சட்டத்துக்கும் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தோம். கோடு விலகியிருந்தால் நட் நழுவியிருக்கிறது என்று நின்றபடியே தெரியும்.

அறைகளின் எண்ணிக்கையைச் சங்கிலி, பெல்ட் எண்ணிக்கைக்குச் சரியாக வைத்ததன் பயனை இறக்குமிடத்தில் காண்கிறோம். கிரேன் காத்திருக்கும், பொறுப்பாளர் அவசரப்படுத்துவார், இருட்டும் ஆகியிருக்கும். கதவை மூடும் முன் காலி அறை இருக்கிறதா என்று ஓட்டுநர் ஒரு பார்வை பார்த்தால் போதும். சரக்கின் அடியிலோ தரையிலோ விட்டது எது என்று தெரிந்துவிடும். முன்பு ஊர் வந்த பிறகுதான் எண்ணிப் பார்ப்பார்கள். முன்வரிசைச் சங்கிலிகள்தான் அதிகம் பயன்படும், அவையே சீக்கிரம் தேயும் என்பதை ஓட்டுநர்தான் கவனித்துச் சொன்னார். இப்போது மாதத்தின் முதல் நாளில் முன்வரிசை ஐந்தையும் பின்வரிசை ஐந்தையும் இடம் மாற்றுகிறோம். அந்த யோசனையும் அவருடையதே.

சங்கிலி உரசும் இடத்தில் ரப்பர் கீழ்விளிம்பில் வெள்ளைத் துணி தெரியத் தொடங்கியிருக்கிறது. போல்ட்டைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இன்னும் ஓராண்டாவது ஓடும். அடுத்ததாக வலப்பக்கம் ஸ்டெப்னிக்குப் பின்னால் உள்ள 90 செ.மீ. இடத்தில் மரக்கட்டைகளுக்கும் ஆப்புகளுக்கும் திறந்த சட்டம் ஒன்று செய்ய அளவெடுத்திருக்கிறோம். கட்டை நழுவாமல் இருக்க அதன் வாயில் சாய்வு வேண்டுமா, குறுக்குக் கம்பி போதுமா என்று வெல்டரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்; அவர் குறுக்குக் கம்பி என்கிறார், எனக்கு இரண்டும் வேண்டும்.